ஒரே சாட்சி

மார்ச் 1947

அன்புள்ள ரெவேக்கா அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி ஸ்டாமுலா வணக்கத்துடன் எழுதுவது.

நியூயார்க்கிலிருந்து நீங்கள் அனுப்பிய கோட்டும் சோப்பும் வந்து சேர்ந்தன. கோட்டு கொஞ்சம் பெரிது, பிரித்துத் தைத்துக்கொள்கிறேன். நம் வீட்டில் குடியேறியவர்கள் எனக்கு மாடி அறையை மட்டும் விட்டிருக்கிறார்கள். ஏதோ தயவு செய்வதுபோல் தினமும் விசாரிக்கிறார்கள்.

சாபெத்தாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோல் வியாபாரி சாபெத்தாய்தான். ஜெர்மன்காரர்களின் முகாமில் உங்கள் தம்பி நிசீமுடன் ஒரே பலகையில் படுத்தவர். அவருடைய மனைவியும் மூன்று பெண்களும் திரும்பவில்லை. "ரெண்டு பேரும் தனித்தனியா அடுப்பு மூட்டி எதுக்கு விறகை வீணாக்கணும்?" என்று என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். ஊர் திரும்பிய பிறகு நான் சிரித்தது அன்றுதான். சரி என்றேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அதற்கு நிசீம் இறந்ததற்குச் சான்று வேண்டுமே. நகராட்சிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஊரைவிட்டுச் சென்றார், முகவரி இல்லை' என்றிருக்கிறது. நம் தெரு முழுவதற்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். "லாரியில ஏத்தினப்போ நீங்களும் வாசல்ல நின்னு பார்த்தீங்களே" என்றேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை. "நீங்க திரும்பி வந்தீங்கல்லம்மா, அவரும் வரலாம். உங்க யூத சபையில எழுதி வாங்கிட்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.

நம் சபையின் பிறப்பு இறப்பு ஏடுகள் பிழைத்திருக்கின்றன, அக்கா. எழுதத்தான் ஆளில்லை. சபையில் மிஞ்சியவர்கள் ஏதென்ஸிலிருக்கும் நம் மதகுரு ரப்பியிடம் கேட்டார்கள். கண்ணால் கண்ட ஒருவர் சாட்சி சொன்னால் போதும், நான் விதவை, மறுமணம் செய்யலாம் என்று பதில் வந்தது. கீழே இன்னொரு வரி: சாட்சி சொன்னவர் அந்த விதவையை மணக்கக் கூடாது.

நிசீமின் கண்களை மூடியதே சாபெத்தாய்தான்.

"பொறுங்க, முகாம்ல இருந்த சலோனிகா ஊர்க்காரங்க யாராவது பார்த்திருப்பாங்க" என்று கெஞ்சினேன். குளிர்காலம் முழுக்கக் கடிதம் போட்டேன். ஒருவரும் பார்த்ததாக எழுதவில்லை. "அவன் தலை என் தோள்ல கிடந்துச்சு ஸ்டாமுலா. வேற யாரு பார்த்திருப்பா? நான் நாளைக்கே செத்துட்டா நீ கடைசிவரைக்கும் வராதவனுக்குப் பொண்டாட்டியாவே கிடப்பியா?" என்று கத்தினார். மறுநாள் என்னிடம் சொல்லாமலே சபைக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டார்.

ரப்பி நல்லவர்தான். சட்டமும் நல்லதாகத்தான் இருக்கும். பொய்ச் சாட்சி சொல்லி ஒருவன் பெண்டாட்டியை இன்னொருவன் கவர்ந்துவிடக் கூடாதாம். எங்களைப் போன்றவர்கள் உண்டென்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாது.

போன வாரம் நகராட்சியிலும் திருத்திவிட்டார்கள். முத்திரை குத்திய தாளை நீட்டி, "இனி உங்க இஷ்டம்போலக் கட்டிக்கலாம்" என்று குமாஸ்தா வாழ்த்தினார். யாரை வேண்டுமானாலும் கட்டிக்கலாம், என்னைக் கேட்ட அந்த ஒருவரைத் தவிர.

சாபெத்தாய் நேற்று பாலஸ்தீனக் கப்பலைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். நான் வழியனுப்பப் போகவில்லை. கோபம்தான்.

உங்கள் தம்பிக்கு இனி வருஷா வருஷம் நினைவு விளக்கேற்றலாம். அவர் இறந்தது நம் தெவேத் மாதம் இருபதாம் நாள். உங்கள் பிள்ளைகள் நூறாண்டு இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள் அக்கா. பாலஸ்தீனத்தில் ஹைஃபாவில் உங்கள் கணவர் வீட்டார் இருக்கிறார்களே, சாபெத்தாய்க்கு நல்ல பெண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். சூப்பில் அவருக்கு எலுமிச்சை தூக்கலாக இருக்க வேண்டும். அதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.

உங்கள்,
ஸ்டாமுலா