மூன்றாம் வளைவில் கவிழ்ந்த படகு

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலம் என்று என் மகள் சொல்லித் தெரியும். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, காரியமாகத்தான் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறைக்கு அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன் மலையிடுக்குக்கு வரப்போகிறாளாம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. நடக்கவும் வேண்டுமாம், படகும் விட வேண்டுமாம். "வேற இடமே இல்லையாடி?" என்று கேட்டேன். "பெரியம்மா இருக்கும்போது கண்டவங்ககிட்ட நான் ஏன் படகு எடுக்கணும்?" என்கிறாள். நீ வைத்த 'வாலு' என்ற பெயர் அவளுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் எங்கே நடக்கலாம், எங்கே படகு விடலாம், எங்கே கூடாது என்று எழுதி அனுப்பு. நான் வரவில்லை. தையல் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

இப்படிக்கு,
தங்கச்சி


ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கிழித்தால் மறுபடி ஒட்டித்தான் படிக்க வேண்டும், இங்கே பசை படகு ஒட்டவே போதவில்லை.

இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு பக்கம்கூட நிறையாமல் ஒரு கடிதம்! நீ பத்தாவது படித்தவள், நான் நாலாவதோடு நின்றவள். யார் கடிதம் நீளம் என்று அளந்து பார். போனில் சொல்லலாம்தான். ஆனால் சிக்னல் வேண்டுமென்றால் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி மேலே போக வேண்டும். அங்கே போய் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது.

எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்குத் தெரியும். இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று என் பச்சைப் பாவாடையைச் சுட்டாய். என் கல்யாணத்தன்று தலைவலி என்று படுத்துக்கொண்டு, பந்தி போட்டதும் எழுந்து வந்தாய். என் மகன் பிறந்து நாற்பது நாள் கழித்து வந்து தொட்டிலில் எட்டிப் பார்த்து, "மூக்கு அத்தான் மூக்கா? பாவம்" என்றாய். எல்லாம் இருக்கிறது. சாவகாசமாகப் பேசலாம். இப்போது பிள்ளைகள் விஷயம்.

இடுக்குக்குள் பலகையில் நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். அதை நம்ப வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள். நான் வைத்த பெயர்கள்தான் மாறாதவை. படகுக் கொட்டகையிலிருந்து கரையோரமாகவே நடந்தால் முதலில் 'மாப்பிள்ளை வழுக்கின பாறை'. என் சம்பந்தியம்மாவின் தம்பி புது மாப்பிள்ளையாக வந்து, புது ஷூ போட்டுக்கொண்டு, "இதெல்லாம் ஒரு பாறையா?" என்று சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரில் கிடந்தார். அங்கே சின்னவனைக் கையைப் பிடித்து நடத்த வேண்டும். அதைத் தாண்டினால் வழி அகலம், நிழல் உண்டு, நாலு வயதுக் கால் தாராளமாக நடக்கும். அரைமணி நேரத்தில் 'டீச்சர் கோபித்துக்கொண்ட திட்டு'. தட்டுப்போல் சமமாக இருக்கும், அறுபது பிள்ளைகள் உட்காரலாம். அன்றைக்கு எழுபது பேரைக் கூட்டி வந்துவிட்டு என்மேல் கோபித்துக்கொண்டார். பாறையை நானா செதுக்கினேன்? தண்ணீர் அங்கே முழங்கால் ஆழம்தான். மணலில் விளையாட விடலாம்.

படகுக்குக் காலை ஏழரைக்கே வந்துவிட வேண்டும். முதலில் மேல்நோக்கிப் போக வேண்டும். பிள்ளைகள் சோர்ந்து அழும்போது தண்ணீரே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு இடுக்கு வாசலிலிருந்து காற்று உள்ளே அடிக்கும். பத்துத் தடவை துடுப்புப் போட்டால் இரண்டடி நகரும். லைஃப் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார், காதுவரை வந்தால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. தண்ணீர் டீ நிறமாக மாறினால் மேலே எங்கேயோ மழை என்று அர்த்தம். யார் என்ன சொன்னாலும் கரை ஏறிவிட வேண்டும்.

இரண்டாம் வளைவோடு திரும்பிவிடலாம். அதுவரை கண்ணாடி மாதிரி தண்ணீர். இரண்டு பக்கமும் பாறை எழும்பி நிற்கும், நடுவில் வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரியும். பிள்ளைகள் கத்தினால் பாறை திருப்பிக் கத்தும்.

மூன்றாம் வளைவு உனக்கே தெரியும். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

நீயும் வரலாம். உன்னை யாரும் படகில் ஏறச் சொல்லவில்லை.

உன் அக்கா

பி.கு: அத்தான் கேட்கச் சொன்னார், நீ இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறாயா?


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாலு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். சின்னவன் நாள் முழுக்க "மாப்பிள்ளை வழுக்கின பாறை" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் விழுந்து விழுந்து எழுகிறான். தலைவலி உண்மையாகவே வந்த தலைவலி. பாவாடை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

நான் வரமாட்டேன். எனக்கும் ஒன்று மறக்காமல் இருக்கிறது. அன்றைக்குப் படகு கவிழ்ந்து, வாலுவை அணைத்துக்கொண்டு நனைந்த துணியோடு கரையில் நின்றபோது, "என் பிள்ளையைக் கொல்லவா கூட்டிட்டுப் போனே?" என்று உன்னைக் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உன் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் எதிர்க்கரைப் படகுக்குப் போனதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ அத்தனை பேர் முன்னால் திருப்பிச் சொன்னாய்: "திருப்பத் தெரியாத கையில துடுப்பு இருந்தா படகு கவிழாம என்ன செய்யும்?"

நீ சொன்னது உண்மைதானே. பின்னால் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்திருந்தது என் கைதான். அதனால் தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளோடு நான் போவதில்லை. அவ்வளவுதான். பத்தொன்பதாம் தேதி அவர்கள் வருவார்கள். பார்த்துக்கொள்.

தங்கச்சி


ஏப்ரல் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு இன்று காலை பஸ் ஏறினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் சின்னவன் வரிசையாகத் தொங்குகிற ஈர ஜாக்கெட்டுகளைப் பார்த்து, "இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டான். அத்தானுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. டீச்சர் திட்டில் ஒரு நண்டைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் அதோடு பேசிக்கொண்டிருந்தான். பெரியவள் உன்னை உரித்து வைத்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஒரு பதில். துடுப்பை இப்படிப் பிடி என்றால், "ஏன், அப்படிப் பிடிச்சா என்ன ஆகும்?" என்கிறாள். அப்படியே பிடித்துப் பார்த்துவிட்டு, படகு சுற்றினதும், "சரி, நீங்க சொன்னதுதான்" என்கிறாள். அதுமட்டும் உன் குணமில்லை. இரண்டாம் வளைவில் அவள் கத்தினாள், "பாட்டீ, நீயும் வந்திருக்கலாம்!" பாறை நாலு தடவை திருப்பிச் சொன்னது.

அப்போதுதான் வாலுவிடம் கேட்டேன், "உங்கம்மா ஏன்டி வரல?"

"அம்மா பிள்ளைகளைக் குளிப்பாட்டவே மாட்டாங்க பெரியம்மா. வாளித் தண்ணிய தூக்கி வெச்சிட்டு என்னைக் கூப்பிடுவாங்க. 'என் கை ராசியில்லாத கை, நீயே ஊத்து'ன்னு சொல்வாங்க."

தங்கச்சி, நான் எழுதுவதைக் கோபப்படாமல் கடைசிவரை படி. கோபம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

இரண்டு பேர் துடுப்புப் போடுகிற படகில் கனமான ஆள்தான் பின்னால் உட்கார வேண்டும். இங்கே வருகிற சின்னப் பிள்ளைக்குக்கூட அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். முன்னால் கனம் போனால் படகின் மூக்கு முங்கும், வால் தூக்கிக்கொள்ளும். பின்னால் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் துடுப்பு தண்ணீரைப் பிடிக்காது. நானே பின்னால் உட்கார்ந்திருந்தாலும் உன் கனத்தில் இருந்திருந்தால் கவிழ்ந்துதான் இருப்பேன்.

அன்றைக்கு நான் எழுபத்தெட்டு கிலோ. நீ தீக்குச்சி.

கரையில் நின்று நீ சொன்னாய், "இது என்ன பெரிய வித்தை, தண்ணியக் குத்தி இழுக்க வேண்டியதுதானே?" அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போதே நான் பதினெட்டு வருஷமாகக் கை காய்த்துப்போய்ச் செய்துவந்த வேலை. "அப்படின்னா நீயே பின்னால உக்காரு" என்று சொல்லிவிட்டு நான் போய் முன்னால் உட்கார்ந்தேன். அத்தான் ஓடி வந்து, "கனம் முன்னால போகுது, மாறி உக்காருங்க" என்றார். நான் முறைத்த முறையில் அவர் வாயை மூடிக்கொண்டார். பாவம், அன்றைக்கு மூடின வாய்.

இரண்டாம் வளைவிலேயே படகு சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அக்கா, என்னால முடியல" என்று நீ சொல்ல வேண்டும், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வாலுவை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. மூன்றாம் வளைவு வந்துவிட்டது.

கவிழ்த்தது உன் கை இல்லை. என் வீம்பு. இருபத்திரண்டு வருஷமாக எல்லாருடைய தப்பையும் ஞாபகம் வைத்திருந்தேன், இதையும் சேர்த்துத்தான். வெளியே எடுக்கவில்லை.

உன் கைக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டு.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது, ஏனென்றால் "முடியல" என்ற வார்த்தை அன்றைக்கு என் தொண்டைவரை வந்துவிட்டது. உன் முதுகைப் பார்த்தேன். அந்த முதுகிடம் சொல்லக் கூடாது என்று விழுங்கிவிட்டேன். மூன்றாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

நேற்று சின்னவனைக் குளிப்பாட்டினேன். அவன் கண்ணில் சோப்புப் போய்க் கத்தியதற்கு வாலு ஓடி வந்து பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அக்கா, நீ என்னைக் கரையில் அத்தனை பேர் முன்னால் சொன்னாய். இப்போது உறைக்குள் போட்டு, ஒட்டி, எனக்கு மட்டும் சொல்கிறாய். இது என்ன நியாயம்? நான் வருகிறேன். கரையில் கூட்டம் இருக்கும்போது, அன்றைக்குச் சொன்ன அதே குரலில் நீ சொல்ல வேண்டும். சொன்னால் படகில் ஏறுகிறேன். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

தங்கச்சி


மே 1

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அவ கேக்கிறது சரிதான்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் அவரை முறைக்கவில்லை.

நியாயம் என்று வந்தபிறகு எனக்கு வெட்கமில்லை. சனிக்கிழமை வா. அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு வங்கிக்காரர்கள் குழுவும் வருகிறார்கள். எதிர்க்கரைப் படகுக்காரனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவனும் வந்து கேட்கட்டும், அவனுக்குத்தான் அதில் லாபம் வந்தது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. மத்தியானத்துக்குமேல் என் தொண்டை கட்டிக்கொள்கிறது, பின்வரிசைக்குக் கேட்காது.

கூட்டம் போதவில்லை என்று உனக்குத் தோன்றினால் சொல், ஞாயிற்றுக்கிழமையும் ஒருமுறை சொல்கிறேன்.

உன் அக்கா