தரையைப் படம் பிடித்தவர்

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். உன் அப்பா கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறார். மத்தியானத்திலிருந்து தலைகால் புரியாமல் வீட்டுக்குள் சுற்றி வருகிறார். காரணம், இந்தக் கடிதத்தோடு வரும் டிவிடி. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதைப் போட்டுப் பார்.

நேற்று மாப்பிள்ளை போனில் பேசினார். உடைந்த கால் எலும்பு கூடிவிட்டது, இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் நீ கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறாயாம். கம்பியைப் பிடித்து நடக்கப் பழகும்போது விழுந்தாயே, அதிலிருந்து இப்படித்தானாம். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம், "எனக்கு நடக்கவே மறந்துபோச்சு, விட்டுடுங்க" என்றாயாம். கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உன் அப்பா அழவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். இறங்கும்போது கையில் அந்தப் பழைய கேமராவும் உன் முதல் பிறந்தநாள் கேசட்டும். "மறந்துபோச்சாமா? அவ நடந்ததுக்கு எங்கிட்ட சாட்சி இருக்கு!" என்றார்.

சிரிப்பதா, திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் படம் பிடிக்கும் லட்சணம் உனக்குத் தெரியாததா? சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஓடும், இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். இந்த மனுஷருக்கு அது எப்போதும் மாறிப்போய்விடும். எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது கேமரா தூங்கும். முடிந்தது என்று அவர் கையைத் தொங்கப்போட்டதும் விழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். இந்தக் கேசட்டையும் அப்போது போட்டுப் பார்த்தோம். மேசைக்காலும் செருப்புமாக வந்ததும், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

மாப்பிள்ளையின் நண்பர் லீவு முடிந்து நாளைக் காலை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அவரிடம் கொடுத்தால்தான் உண்டு. ஸ்டூடியோக்காரர், "நிறைய வேலை கிடக்கும்மா, ஒரு வாரம் ஆகும்" என்று கையை விரித்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று பார்த்தால் அது பாதியில் படுத்துவிட்டது. மாடிவீட்டு டீச்சர்தான் கைகொடுத்தார். சீரியல் விட்டுப்போகாமல் இருக்க அவர் ஒரு டிவிடி ரெக்கார்டர் வைத்திருக்கிறார். கேமராவிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை நேராக அதில் சொருகினார். "இங்க கேசட் ஓட ஓட அங்க டிஸ்க்ல ஏறிடும். இது முடியறப்ப அதுவும் ரெடி" என்றார். உன் அப்பா எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது என்று சொல்லி, அவரை எட்டத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஓடியது. அதே மேசைக்கால், அதே செருப்பு. கேக் வெட்டிக் கைதட்டும் சத்தம் கேட்கிறது, தெரிவது பாய். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு மானம் போகிறது. உன் அப்பா மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "வரும் பாரு, வரும் பாரு" என்றார்.

வந்ததடி! நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிப் பாதங்கள். ஒன்றில் கொலுசு, இன்னொன்றில் இல்லை. அதை நீ எங்கோ கழற்றி எறிந்திருந்தாய். பிடியை விட்டாய். தொப்பென்று உட்கார்ந்தாய். அழவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கையை ஊன்றி எழுந்தாய். மறுபடி விழுந்தாய். மறுபடி எழுந்தாய். பிறகு, யார் கையையும் பிடிக்காமல், கேமராவைப் பார்த்து நடந்து வந்தாய். உன் அப்பாவின் குரல் கத்துகிறது: "ஏய், இங்க ஓடி வா, பாப்பா நடக்குறா! இரு இரு, கேமராவை ஆன் பண்றேன்!"

அவ்வளவுதான். டக்கென்று படம் நின்றுவிட்டது.

மூன்று பேரும் சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம். இத்தனை வருஷமாக நான் கேலி செய்த மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜெயித்த வக்கீல் போல என்னைப் பார்த்தார். அந்த ஜோரில் டிஸ்க்கை உருவப் போனார். டீச்சர் பதறிவிட்டார். "ஐயையோ சார், பதிவை முடிச்சு டிஸ்க்கை மூடாம எடுத்தா உங்க பொண்ணு வீட்டு ப்ளேயர்ல ஓடாது!" அப்புறம் என்ன நினைத்தாரோ, ரிமோட்டை அவரிடமே நீட்டி, "நீங்களே மூடுங்க சார்" என்றார். நான் சாமியைக் கும்பிட்டேன். உன் அப்பா ஒரே ஒரு முறை அழுத்தினார். சரியாக மூடிக்கொண்டது! நம்பமாட்டாய் என்று டீச்சரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன்.

கண்ணு, உனக்கு யாரும் நடக்கக் கற்றுத்தரவில்லை. நாங்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீயாகவே கற்றுக்கொண்டாய். விழுந்ததும் நீயாகவே எழுந்தாய். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். இனி உனக்கும் தெரியும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். அவரிடம் நல்ல கேமரா இருக்கிறதல்லவா? ஒரு நாள் அதை எடுத்து எங்களுக்கும் ஒரு படம் பிடித்து அனுப்பச் சொல். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. தரை தெரிந்தால் போதும் என்கிறார் உன் அப்பா.

நீ நெடுங்காலம் நன்றாக நடக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அம்மா