சிதம்பரத்தில் அமராவதி கேட்டது

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
14.3.2007

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது,

நானும் உன் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காய்ச்சல் சளி என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று பாடலீஸ்வரருக்கு ஒரு விளக்கு கூடுதலாகவே போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி முன்னைப் போல இல்லை, அப்பாவுக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை, பண்ருட்டியிலிருந்து முதல் பலாப்பழம் வந்ததும் எனக்குத் தெரியாமல் தெருமுனையில் நின்று தின்றுவிட்டு வருகிறார், வாசனையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எதிர்வீட்டு ஜான்சி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

போன வாரம் நீ போனில் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் நம் ஊர்க்காரர்கள் வந்து படுத்தால் அவர்கள் பேசும் சாமி வார்த்தைகள் வெள்ளைக்கார நர்சுகளுக்குப் புரிவதில்லை, அதற்கெல்லாம் அர்த்தம் எழுதி வார்டில் ஒட்ட வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார் என்றாய். கேட்டுக்கொண்டிருந்த அப்பா உடனே பெரிய அகராதியைத் தூசி தட்டி எடுத்து, "எழுதிக்க, கர்மான்னா செயல், பிரசாதம்னா அருள், தரிசனம்னா பார்வை, முடிஞ்சி போச்சி" என்றார். அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு நர்சு நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வாள் சொல். அதனால் எனக்குத் தெரிந்த விதத்தில் எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

பிரசாதம் என்றால் சாமிக்குப் படைத்துவிட்டுத் திரும்ப வாங்குவது, அது ஒரு சிட்டிகை திருநீறாக இருந்தாலும் சரி, சுண்டலாக இருந்தாலும் சரி. ஜான்சி வேளாங்கண்ணி போய் வந்து கொடுக்கும் எண்ணெயையும் நான் பிரசாதம் என்றுதான் நெற்றியில் தொட்டு வைத்துக்கொள்கிறேன். தலையணைக்கு அடியில் காகிதத்தில் மடித்த திருநீறு இருந்தால் குப்பை என்று எடுத்துப் போடக் கூடாது என்று எழுது. கையில் கட்டியிருக்கும் மஞ்சள் கயிறு காப்பு, ஊசி போட இடைஞ்சலாக இருந்தால் கத்தரிக்காமல், கேட்டுவிட்டு இன்னொரு கைக்கு மாற்றிக் கட்டச் சொல். தீர்த்தம் என்றால் வெறும் தண்ணீர்தான், ஆனால் எந்த இடத்துத் தண்ணீர், யார் கையால் வந்தது என்பதில் இருக்கிறது, சாகப்போகிறவர் வாயில் ஒரு சொட்டு விட வேண்டும் என்று பிள்ளைகள் கெஞ்சினால் டாக்டரிடம் கேட்டாவது விடச் சொல். தீட்டு என்பதை எப்படி எழுதுவாயோ தெரியவில்லை. அழுக்கு என்று எழுதிவிடாதே. பிறப்பு நடந்த வீடும் சாவு நடந்த வீடும் கொஞ்ச நாள் கோயிலுக்குப் போகாமல் ஒதுங்கி இருப்பது அது, அந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் ஓய்ந்து கிடக்கட்டும் என்றுதான் ஆரம்பத்தில் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். பின்னால் வந்தவர்கள் அதை வைத்து ஆட்களையே தள்ளி வைத்தது வேறு கதை.

கடைசியில் நீ கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே ஒரு நர்சு, அப்படியானால் சுனாமியில் செத்த குழந்தைகளுக்கும் அதுதான் கர்மாவா என்று கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை அம்மா என்றாயே, எனக்கும் போனில் பதில் வரவில்லை. ஆனால் அதே கேள்வியோடு ஒருத்தி இரண்டு வருஷம் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

அமராவதியை உனக்குத் தெரியாது. தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் நான் அங்கன்வாடி டீச்சராக மாற்றலாகிப் போனது உன் கல்யாணத்துக்குப் பிறகுதான். அவள் மகள் பூங்காவனம் என்னிடம் படித்த பிள்ளை, நாலு வயசு, ஒரே பிள்ளை, பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் பாதியில் தன் பாட்டைச் சேர்த்துவிடும். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அமராவதியின் புருஷன் மணவாளன் படகில் ரொம்பத் தூரம் போயிருந்ததால் பிழைத்தான். அமராவதி கூரை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது. சாயந்தரம் கிடைத்த உடம்பை மற்றவர்களோடு சேர்த்துப் பெரிய பள்ளமாகத் தோண்டிப் புதைத்தார்கள், சடங்கு செய்ய நேரமும் இல்லை, ஆளும் இல்லை. பிறகு அவர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள், போன ஐப்பசியில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. குப்பமே சந்தோஷப்பட்டது. அவள் படவில்லை. வேளைக்குப் பால் கொடுப்பாள், கொடுத்த உடனே கீழே விட்டுவிடுவாள், கொஞ்சமாட்டாள், முகத்தைப் பார்க்கமாட்டாள், பேர் வைக்கலாம் என்று மாமியார் சொன்னால் எழுந்து போய்விடுவாள். மூன்று மாசமாகியும் குழந்தை எடை ஏறவே இல்லை.

தை மாசத்தில் மணவாளன் வீட்டுக்கே வந்துவிட்டான், "டீச்சர், டாக்டருகிட்ட போவலாம்னு நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா, நீங்க கூப்பிட்டா வருவா" என்று வாசலில் நின்று அழுதான். அதனால் நானே அவளையும் குழந்தையையும் சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த குழந்தை டாக்டரிடம் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா நல்ல மாதிரி, பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒரு நோயும் இல்லை, தாய்தான் தேற வேண்டும் என்றார். சீட்டு எழுதப் பேர் கேட்டார். அமராவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு 'பேபி' என்று மட்டும் எழுதினார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, ஏன்டி இப்படி இருக்கிறாய், இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அப்போதுதான் வாய் திறந்தாள். "அது ஒரு பாவமும் பண்ணல டீச்சர், நான்தான் பண்ணிருக்கேன். அன்னிக்கி மூத்தது வூட்டுலதான் வெளாடிட்டு இருந்துச்சி. நான்தான் அப்பாரு படகு வந்துடுச்சான்னு பாத்துட்டு வான்னு அனுப்புனேன். அப்புறம் வூடு இல்லாம தகரக் கொட்டாயில இருந்தப்ப ஒருத்தரு பொடவ குடுக்க வந்தாரு, வெள்ள வேட்டி, பெரிய மனுசரு. அழுவாதம்மா, இதெல்லாம் போன ஜென்மத்து கர்மா, நீ செஞ்சத நீதான் அனுபவிச்சி தீக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. எவ்ளோ செஞ்சி வச்சிருக்கனோ, இன்னும் எவ்ளோ பாக்கி இருக்குதோ, யாரு கண்டா. பேரு வச்சி ஆசையா கூப்ட்டா இதுவும் அந்தக் கணக்குல போயிடும்." சொல்லும்போது அவளுக்குக் கண்ணீர் கூட வரவில்லை வாணி, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மனுஷர் ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். நம் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் 'கருமம் கருமம்' என்கிறோமே, அதே வார்த்தை. ஒரு தாயின் தலையில் அதை வைத்துவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, கோயிலுக்குப் போகலாம் வா என்றேன். கீழ கோபுர வாசலில் நின்றுவிட்டாள். "எனக்கு சாவுத் தீட்டே போவல டீச்சர், பதினாறு கும்புட்டாதான போவும், அவளுக்கு யாரு கும்புட்டா, நான் உள்ள வரக்கூடாது" என்றாள். இரண்டு வருஷமாக அவள் எந்தக் கோயில் படியும் மிதிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சண்டை போடவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னாலேயே வந்தாள், பிள்ளையை விட்டு அவளால் நிற்க முடியவில்லை, அதைப் பார்த்தபோதே எனக்குப் பாதி உயிர் வந்தது.

உச்சிகால பூஜை நேரம். நடராஜரைப் பார்த்தோம். பக்கத்தில் திரையை விலக்கி தீட்சிதர் தீபம் காட்டினார். உனக்குத் தெரியும், திரைக்கு அந்தப் பக்கம் சிலை கிடையாது, பொன் வில்வ மாலை தொங்கும், மற்றபடி வெறும் இடம், ஆகாசம், அதைத்தான் ரகசியம் என்கிறோம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அமராவதி எட்டி எட்டிப் பார்த்தாள். திரை மூடியதும் என் கையைப் பிடித்து, "சாமி எங்க டீச்சர்?" என்றாள். சாமி அங்கே உருவமாக இல்லையம்மா, வெளியாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "உள்ள யாருமே இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப கணக்கு எழுத யாரும் உக்காந்துனு இல்லியா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீட்சிதர் காதிலும் விழுந்திருக்கும், அவர் அவள் கையில் திருநீறு கொடுத்தார். நான், இல்லைம்மா, யாரும் இல்லை என்றேன். வேதாந்தப்படி அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னபோது அவர் அகராதியைத் திறக்கவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிராகாரத்துத் தூண் ஓரம் உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் சாவு வீட்டில் கூடப் பார்த்ததில்லை. பூங்காவனத்தின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், அனுப்பிட்டேனே, அனுப்பிட்டேனே என்று. மடியில் இருந்த குழந்தையும் பயந்து வீறிட்டது. அழுதுகொண்டே அதை எடுத்து மார்போடு சேர்த்து, அந்தத் திருநீற்றை அதன் நெற்றியில் வைத்தாள். பால் குடித்து முடித்த பிறகும் கீழே விடவில்லை, கடலூர் வரும்வரை தோளில் போட்டுக்கொண்டே வந்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அதற்குப் பிறகும் சில நாள் முன்போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் மாசி மகத்துக்கு முன்னால் மணவாளனிடம், பூங்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யணும் என்று சொல்லியிருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள், அவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது என்றார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் இல்லையா, சாமியே கடலில் முங்கிக் குளிக்கும் நாள் அது, அன்றைக்குக் குழந்தையோடு அவளும் மணவாளனும் மாமியாரும் கடலுக்கு வந்தார்கள், நானும் போனேன். சுனாமிக்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்தது அன்றுதான். மணவாளன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு சொம்புப் பாலையும் கொஞ்சம் பொரியையும் விட்டாள். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. "பூங்கா, அம்மா போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள். கரைக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டபோது, இதற்கும் பூங்காவனம் என்றே வைக்கலாமே என்று மாமியார் கேட்டார். "அவ பேரு அவளுக்கே இருக்கட்டும், இது தில்லைச்செல்வி" என்றாள். நேற்று எடை பார்த்தேன், கன்னம் வைத்து நன்றாகத் தேறியிருக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். செயல், அதன் பலன் என்று அப்பா சொன்னதையே எழுது, அது சரிதான். அதற்குக் கீழே நான் சொன்னதாக இதையும் எழுது. அந்த வார்த்தையை ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், இனிமேலாவது நல்லது செய்வோம் என்று. அடுத்தவர் துக்கத்தைப் பார்த்து அதைச் சொல்ல எந்த சாஸ்திரமும் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. வார்டில் யாராவது அழுதுகொண்டே இது என் கர்மா என்று சொன்னால், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் வாதாட வேண்டாம், வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல். என்ன நடந்தது என்று கேட்கச் சொல். அமராவதியிடம் இரண்டு வருஷமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

நைட் டூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே, ஒரு வாய் ரசம் சோறாவது சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். அடுத்த மாசம் அப்பாவுக்கு மறுபடியும் சர்க்கரை டெஸ்ட் இருக்கிறது, நீ போன் பண்ணி இரண்டு வார்த்தை அதட்டு, உனக்குத்தான் பயப்படுவார். சகல சௌபாக்கியங்களும் பெற்று, கை வைத்த நோயாளிகளுக்கெல்லாம் நோய் தீர, நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்
உன் அம்மா
த. ரத்தினம்மாள்