ரெண்டு தரம்

21-11-1974, வியாழன்

தேனி டாக்டர் சொன்னதையே இன்று மதுரை டாக்டரும் சொல்லிவிட்டார். என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தண்ணீரை வாயில் வைத்து முழுங்கச் சொன்னார். கட்டி ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்ற என் மனைவி சரசுவும் பார்த்தாள்.

"தைராய்டுல கட்டி. அறுத்து எடுத்தாத்தான் என்னன்னு தெரியும்" என்றார். குரல் நரம்பு அதை ஒட்டியே போகிறதாம். அதில் பட்டுவிட்டால் பேச்சு வெறும் காற்றாகத்தான் வருமாம்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"தேனி மண்டியில காய்கறி ஏலம் கூறுறேன் சார்."

அவர் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அதுவரை எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டியது. சரசு சொன்னாள்: "ஏங்க, வேலூருல ஒருதரம் காமிச்சுருவோம். அவுக வேற மாதிரி சொன்னாலும் சொல்லுவாக."

தலையை ஆட்டி வைத்தேன்.

காலையில் தக்காளி லோடு வரும். போய் நின்று கூவத்தான் வேண்டும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொன்ன பிறகு நான் எப்போதும் கொஞ்சம் இழுப்பேன். யாராவது ஏற்றிக் கேட்க மாட்டார்களா என்று பார்ப்பேன். மூணு தரம் சொல்லிவிட்டால் சரக்கு போனது போனதுதான்.

தேனியில் ஒரு தரம் ஆயிற்று. மதுரையில் ரெண்டு தரம். வேலூர் வேண்டாம் என்று சரசுவிடம் எப்படிச் சொல்வது?