வீட்டுக்குப் போய்க் கேட்காத சம்மதம்

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம் கைபேசி விடாமல் சிணுங்கியது. விடுமுறை முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சம்மதமா என்று நம் வட்ஸ்அப் குழுவில் நேற்றுக் கேட்டிருந்தார்கள். பெற்றோர் ஒவ்வொருவராகக் கட்டைவிரல் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் உங்கள் இலக்கமும் இன்னும் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதம். எடுத்துவிடட்டுமா என்று முகாம் பிள்ளைகள் இரண்டு தடவை கேட்டார்கள், நான் எரிந்து விழுந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காணிக் கந்தோர் வேலையில் மாற்றல் வாங்கி வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் கண்டியோடு ஒட்டிக்கொண்டவர் நீங்கள். நான் மடவளையில் கணக்கு டீச்சர். மடவளை, திகன, தெல்தெனிய என்று மூன்று ஊர்ப் பதினேழு வயதுப் பிள்ளைகளை, சிங்களம் தமிழ் முஸ்லிம் எல்லாரையும் கலந்து, எட்டு எட்டுப் பேராகக் குழு பிரித்தோம். குழுவுக்கு ஒரு தலைவரைப் பழக்கி, சின்னப் பிள்ளைகளின் விடுமுறை நிகழ்ச்சிகளை அவர்களைக் கொண்டே நடத்தினோம். சொல்வதற்கு இரண்டு வரி, செய்து முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

அதிலும் உங்கள் பிடிவாதம் ஒன்று இருந்ததே! ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் அதன் வீட்டுக் கதிரையில் போய் உட்கார வேண்டும். தாயும் தகப்பனும் வாய் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை முழுக்க அலைந்தால் ஐந்து வீடு முடியும், அதில் இரண்டு வீட்டில் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். "இப்படியே போனா புள்ளைகளுக்குக் கல்யாணமே முடிஞ்சிரும் அக்கா" என்று நான்தான் கத்தினேன். வட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டால் போதும் என்ற வழியைக் கொண்டு வந்ததும் நான்தான். "விரலைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? தாயின்ர முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்" என்றீர்கள். பிறகு, "சரி, உம்மட விருப்பம்" என்று விட்டுக்கொடுத்தீர்கள். நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

ருஸ்னாவை உங்களுக்குத் தெரியும், திகனயில் கடை வைத்திருப்பவரின் மகள். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி இருபது குழந்தைகளை ஒரு நிமிடத்தில் வரிசையில் நிறுத்திவிடுவாள். இரண்டு மொழியும் ஓடுகிற தலைவர் அவள் ஒருத்திதான். போன வருட முகாமுக்கு முந்தின நாள் வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். இனி எழுதப்போவதை நீங்கள் இருந்தபோது உங்களிடம் நான் சொல்லவில்லை.

"டீச்சர், உம்மாட ஃபோன்ல விரல் போட்டது நான்தான். வாப்பாக்குத் தெரியாது" என்றாள். அழுகிற குரல். உடனே அவளுடைய வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். என் மண்டைக்குள் ஓடியதோ வேறு கணக்கு. இவள் வராவிட்டால் அந்தக் கலப்புக் குழுவை யார் நடத்துவது? "சரி சரி, நீ வா. பிறகு நான் பேசுறேன்" என்றேன். பேசவில்லை.

மறுநாள் தெல்தெனிய முகாமில் பின்னேரம் நாலு மணிக்கு அவள் வாப்பா த்ரீவீலரில் வந்து இறங்கியது ஞாபகம் இருக்கிறதா? கடையைக் கலவரத்தில் ஒரு தடவை எரியக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டிய மனிதர். பிள்ளை சொன்ன இடத்தில் இல்லையென்றால் அவருக்கு நெஞ்சு பதறும். "யாரு இதுக்குப் பொறுப்பு?" என்று அவர் போட்ட சத்தத்தில் மைதானமே அடங்கிப்போனது. நான் பெயர்ப் பட்டியலைக் கையில் பிடித்தபடி நின்றேன். நீங்கள் முன்னால் போனீர்கள்.

"நான்தான் ஐயா பொறுப்பு. வீட்டை வந்து கேட்காமல் விட்டது என்ர பிழை."

"உங்களுக்குப் புள்ள இருந்தா இப்பிடிச் செய்வீங்களா? மத்தவன்ட புள்ளயக் களவாக் கூட்டி வாரீங்களே!"

நீங்கள் தலை குனிந்தீர்கள். பிள்ளை இல்லை என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே ஊரைவிட்டு வந்தவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. சீ, என்ன பிறவி நான்! திரும்பி வரும்போது பஸ்ஸில், "நீர் மத்தியானம் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா?

அதன் பிறகு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனீர்கள். மூன்று தடவையும் கேட் திறக்கவில்லை. கூட வரச் சொன்னீர்கள், வினாத்தாள் திருத்தவேண்டும் என்று சாக்குச் சொன்னேன். கொஞ்ச நாளில் ஒரு காலை உங்கள் நெஞ்சு நின்றுபோனது. அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு கிழமையும் நினைத்திருந்தேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே திகனக்குப் போனேன். கேட் திறந்தது. ருஸ்னாவின் வாப்பாவிடம் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த மிஸ் உசிரோட ஈக்கிற நேரம் இதச் சொல்லி இருக்கலாமே, டீச்சர்" என்றார். "நாலு பேருக்கு முன்னால அவங்களப் புள்ள இல்லாதவங்கன்னு சொன்னேன். வாசலுக்கு வந்தவங்களத் திருப்பி அனுப்பினேன். இப்ப நான் யார்க்கிட்டப் போய் மாப்புக் கேக்கிற?"

அவராகவே உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். "முகாமுக்குப் போறதுன்னா போ மகள். நான் தடுக்கல்ல" என்றார்.

ருஸ்னா கதவடியிலேயே நின்றாள். மெலிந்திருந்தாள். "நான் வரல்ல டீச்சர். என்னாலதானே மிஸ்ஸுக்கு அவ்வளவு ஏச்சு" என்றாள். உன் பிழை இல்லை, நீ முதலே சொன்னாய், மறைத்தது நான்தான் என்று அவளிடமும் சொன்னேன். அவள் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் உங்கக்கிட்டச் சொன்னது மிஸ்ஸுக்குத் தெரியுந்தானே டீச்சர்? நான் அவங்களையும் ஏமாத்தினேன்னு நினைச்சிருக்க மாட்டாங்கதானே?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். உங்கள் பெயரை வைத்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியாது" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். இத்தனை மாதமும் அவள் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தாளோ, அதையும் நான் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன், அக்கா.