மூன்று நாளோடு நிறுத்திய மாத்திரை

மணிமொழி,

கால் புண்ணுக்கு வேறு மாத்திரை வாங்கக் கள்ளக்குறிச்சி போகிறேன். ரசம் வைத்திருக்கிறேன், உப்பை நீயே பார்த்துப் போட்டுக்கொள்.

ஐந்து நாள் மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, மிச்சத்தை உன் சளிக்கு நீட்டினேன். "சளி வைரஸுங்க, அதுக்கு இது கேக்காது. புண்ணுல இருக்கறது பாக்டீரியா. பாதியில வுட்டா, பொழச்ச கிருமி மாத்திரைக்குப் பழகிக்கும்" என்றாய். "வந்துட்டாங்க பெரிய டாக்டரம்மா" என்றேன். அன்றிலிருந்து நீ பேசவில்லை. புண்ணும் ஆறவில்லை. நேற்று டாக்டர் போனில் அதையே சொன்னார். போனிலேயே பயபக்தியோடு தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டு அஜித்தின் அம்மா வந்தால் சல்லடையைக் கொடு.

பி.கு.: என் மன்னிப்பும் எப்போதும் முதல் நாளோடு நின்றுவிடும். அதனால்தான் உன்னிடம் அது கேட்பதில்லை. இந்த முறை ஐந்து நாளும் கேட்கிறேன். இது முதல் வேளை.