சிப்பாயின் காலடியில் உன் தாத்தா பெயர்

அன்பு மகள் ரெனிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "அப்பா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்பாய், பின்னாலிருந்து உன் அம்மா ஆமாம் போடுவாள், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. ஆகவே முதல் வரியிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கிரேடி லைல்ஸ் உனக்கு ஏதாவது அனுப்பியிருந்தால் அதில் கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் தபாலில் சேர்க்காதே. காரணம் பெரிய கதை, உட்கார்ந்து படி.

கிரேடியை உனக்குத் தெரியும், இப்போது நம் மாவட்டத்துக் கவுண்டி கவுன்சிலுக்குத் தலைவன், வெள்ளைக்கார வக்கீல், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை சூட் போடுகிறவன். எனக்கு அவனை அதற்கு முன்பே தெரியும். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வருவான். ஒரு நாள் பின் ஜன்னலை உடைத்துவிட்டு, கையில் கண்ணாடி கீறிய ரத்தத்தோடு, "நான் இல்ல சார்" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன், ஆனால் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. பெரியவனான பிறகு கடைத்தெருவில் பார்த்தால் "என்ன ஐசம்" என்று போய்க்கொண்டே இருப்பான், என் வயதில் பாதி என்றாலும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். போன மாதம் அவனே ஒரு கூடைத் தக்காளியைத் தூக்கிக்கொண்டு நம் படி ஏறி வந்து "மிஸ்டர் கெதர்ஸ்" என்றான். இத்தனை வருஷம் இல்லாத மிஸ்டர் இப்போது எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவிடம் கேட்டால் "மரியாதை குடுத்தாலும் குத்தமா, நீ சந்தேகப்படாத ஆளு இந்த வீட்ல நாய் ஒண்ணுதான், அதையும் இப்பல்லாம் ஒரு மாதிரியாத்தான் பாக்குற" என்கிறாள். தக்காளி நன்றாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லவில்லை.

வந்தவன் ஒரு படத்தை விரித்தான். கோர்ட் வாசல் புல்தரையில் துப்பாக்கியோடு நிற்கிறானே கல் சிப்பாய், நம் ஆட்களை அடிமைகளாகவே வைத்துக்கொள்ளச் சண்டை போட்டுத் தோற்றவர்களுக்காக வைத்த அந்தக் கல், அதன் படம். சிப்பாய் அப்படியே இருக்கிறான், ஆனால் பூட்ஸுக்குக் கீழே, பீடத்தின் மேற்குப் பக்கத்தில், புதிதாகச் சில பெயர்கள். நம் கவுண்டியிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத கறுப்பர்களின் பெயர்கள். முதல் பெயர் ஜோனா கெதர்ஸ். உன் தாத்தா. "உங்க அப்பாவுக்கு ரொம்ப நாளா அநியாயம் பண்ணிட்டோம் மிஸ்டர் கெதர்ஸ், சாயங்கால வெயில் நேரா பேர் மேல விழும்" என்றான். மற்ற குடும்பங்கள் எல்லாம் எப்போதோ வடக்கே போய்விட்டன, கேட்க ஆள் இருப்பது நாம் மட்டும்தான், அதனால் நம் குடும்பம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் போதும், செலவு முழுக்கக் கவுன்சிலுடையது, திறப்பு நாளில் நான்தான் துணியை விலக்க வேண்டும் என்றான்.

உனக்குத் தெரியும், நான் வயிற்றில் இருக்கும்போது அவர் கப்பலேறினார். பிரான்சில் குண்டு ஏற்றிய லாரி ஓட்டினார், லாரியோடு போய்விட்டார், புதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சுவரில் பெயர் வெட்டியிருக்கிறதாம், நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை. இந்த ஊரில் அவர் இருந்தார் என்பதற்கு நான் ஒருவன்தான் அடையாளம். படத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் உன் அம்மா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிரேடிக்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட பலகாரத்தைப் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். அவனும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாக, "ரெனிதா இப்ப எங்க இருக்கா, அலாஸ்காவா, அடேயப்பா, விலாசம் இருக்கா, ஒரு வாழ்த்து அட்டை அனுப்பலாம்னு" என்றான். இவள் எழுதியே கொடுத்துவிட்டாள். உன் அம்மா கையால் பலகாரம் சாப்பிட்டவன் என்ன கேட்டாலும் அவளுக்கு இல்லை என்று சொல்ல வராது. என்னிடம் கேட்டிருந்தால் நீ சந்திரனில் இருக்கிறாய் என்று சொல்லியிருப்பேன்.

அவன் போனபின் யோசித்தவளும் உன் அம்மாதான், அதையும் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்திவிட்டு, "ஏ மனுஷா, நீ அன்னைக்குக் கேட்டப்ப முடியாதுன்னாங்களே, அது எப்படி" என்றாள். கோர்ட்டுக்குள்ளே நடைச் சுவரில் உலகப் போரில் செத்தவர்கள் பெயர் போட்ட பித்தளைத் தகடு இருக்கிறதே, எல்லாம் வெள்ளைக்காரர்கள் பெயர், அதில் அப்பா பெயரையும் சேர்க்கச் சொல்லி நான் கவுன்சிலுக்குப் போய்க் கேட்டது உனக்கு நினைவிருக்கும். அன்றும் இதே கிரேடிதான் பதில் சொன்னான். அரசாங்க இடத்தில் இருக்கிற எந்த நினைவுச் சின்னத்தையும் எடுக்கவோ மாற்றவோ கூடாது, தலைநகரில் சட்டசபை ஓட்டுப் போட்டால்தான் உண்டு, எங்கள் கை கட்டிக் கிடக்கிறது என்றான். "தகட்டுல ஒரு பேர் சேர்க்க சட்டம் விடாது, சிப்பாய் காலடியில சேர்க்க மட்டும் விடுமா" என்று உன் அம்மா கேட்டாள். அந்தக் கேள்வியோடு நான் அன்றைக்குப் படுத்தேன், முழங்கால் வலி வேறு.

அந்தச் சட்டமே எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அந்தத் தோற்றவர்களின் பழைய கொடியைச் சட்டசபைக் கோபுரத்திலிருந்து இறக்கச் சொல்லி நாம் எல்லோரும் நடையாய் நடந்தோம், நீ கூட ஒரு தடவை என்னோடு வந்தாய். இறக்கினார்கள். இறக்கி முன்வாசலில் கொண்டுபோய் நட்டார்கள். அங்கிருந்து மியூசியத்துக்குப் போக இன்னும் பதினைந்து வருஷம் ஆனது, உன் மாமா கூட அத்தனை வீடு மாறியதில்லை. ஆனால் கோபுரத்திலிருந்து இறக்கிய அன்று, நாம் கைதட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே சட்டத்தில், மாநிலத்தில் இருக்கிற எல்லாச் சிலைக்கும் தெருப் பெயருக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதனால் இவர்கள் ஒன்றைக் கொடுக்கும்போது மற்றக் கை எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பது வழக்கம். உன் அம்மா இதைத்தான் வியாதி என்கிறாள்.

அந்த மற்றக் கை எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறாய், மிஸ் யூலலி. தொண்ணூறை நெருங்குகிறாள், இன்னும் உதட்டுச் சாயம் போடாமல் வெளியே வரமாட்டாள். வருஷா வருஷம் மே மாதம் அந்தச் சிப்பாய்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் தன் சங்கத்து வெள்ளைக்காரப் பெண்களோடு போய் அந்தச் சிப்பாயைக் கழுவி மாலை போடுகிறவள். மருந்துக்கடையில் நான் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "ஐசம், உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. உங்க அப்பா பேரு வந்துட்டா இனி எங்க பையன யாராலயும் அசைக்க முடியாதுன்னு கிரேடி சொல்றான். உங்க பாஸ்டர் அந்த மனு அனுப்பினதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல தெரியுமா" என்றாள். பையன் என்பது அந்தக் கல் சிப்பாய். மனு என்பது போன குளிர்காலத்தில் நம் சபையார் சட்டசபைக்கு அனுப்பியது, சிப்பாயைக் கோர்ட் வாசலிலிருந்து எடுத்து அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் வைக்க ஓட்டுப் போடுங்கள் என்று. நானும் உன் அம்மாவும் கையெழுத்துப் போட்ட மனு. அதில் ஒரு நல்ல விஷயம், இந்தத் தடவை தலைநகரில் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று பாஸ்டர் சொன்னார். இப்போது புரிகிறதா. உன் தாத்தா பெயரை அதில் வெட்டிவிட்டால் அது அவர்கள் கல் மட்டும் இல்லை, நம் கல்லும் ஆகிவிடும். எடுக்கச் சொல்கிறவனைப் பார்த்து, போரில் செத்த கறுப்பனின் பெயரையா பெயர்க்கச் சொல்கிறாய் என்பார்கள். முதல் ஆளாக என்னையே அந்தப் புல்தரையில் காவலுக்கு நிறுத்துவார்கள். மிஸ் யூலலி மேல் எனக்குக் கோபமே இல்லை, அவள் ஒருத்திதான் இதில் எனக்கு உண்மையைச் சொன்னாள், அவள் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள்.

மறு வாரம் கிரேடி வந்தான், இந்த முறை வேகவைத்த வேர்க்கடலை. நான் அவனைத் தின்பண்டத்தோடு உட்காரவைத்து நேராகவே கேட்டேன். எங்க அப்பா பேரை உள்ளே பித்தளைத் தகட்டில் போடு, அது உலகப் போர்த் தகடு, அவர் உலகப் போரில் செத்தவர், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "அது மாத்துறது ஆகும் மிஸ்டர் கெதர்ஸ், இது சேர்க்கிறதுதான்" என்றான். அப்படியானால் தனியாக ஒரு சின்னக் கல், புல்தரையின் மறுபக்கம் வை என்றேன். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ரெனிதா, அதே சிரிப்பு, ஜன்னல் உடைத்த அன்று சிரித்தது. "அவசரமில்ல, நீங்க யோசிங்க, குடும்பத்துல ஒருத்தர் போட்டாலும் போதும், நான் ரெனிதாகிட்டயும் கேட்டுப் பாக்குறேன்" என்று எழுந்து போனான். அதனால்தான் இந்தக் கடிதம். அவன் உனக்கு இனிக்க இனிக்க எழுதுவான். உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கண் மூடுவதற்குள் தன் அப்பா பெயரைப் பார்க்க ஆசைப்படுகிறார், கூச்சத்தால் கேட்கமாட்டேன் என்கிறார் என்று எழுதுவான். அதைப் படித்தால் நீ உருகிவிடுவாய்.

அவன் எழுதப்போவது பொய்யும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அவனிடம் முடியாது என்று சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், யோசிக்கிறேன் என்று வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் உன் அம்மாவிடம் பெட்ரோல் போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோர்ட் பக்கம் போனேன். யாரும் இல்லை. பீடத்தின் மேற்குப் பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது. இந்த வயதில் அந்தச் சிப்பாயின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, சட்டென்று போட்டுக்கொண்டேன், யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அவன் விட்டுப்போன படத்தைக் கிழித்துப் போட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கிழிக்கவில்லை. வண்டியில், கண் கூசாமல் இறக்குவோமே அந்த மட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது இறக்கிப் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் மட்டையைத் தொடுவதில்லை.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். மழை இல்லை, கீரை வாடுகிறது. கூரையில் ஒழுகின இடத்தை உன் மாமா வந்து அடைத்தான், அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒழுகுகிறது. அங்கே இந்த மாதத்தில் இருட்டே வராது என்றாயே, கறுப்புத் திரை வாங்கி ஜன்னலில் மாட்டு, ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் வண்டி ஓட்டாதே. குளிர்கால டயரைப் பனி விழுவதற்கு முன்பே மாற்று, போன வருஷம் மாதிரி விழுந்த பிறகு ஓடாதே. சபைக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மா பீச் ஜாம் அனுப்புகிறாள், உடையாமல் வந்ததா என்று அவளுக்குச் சொல்லு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கை தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. கிரேடியின் தபாலை நம்பாதே என்று சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, என் கையெழுத்திலேயே, போனால் போகிறது போட்டுவிடு மகளே என்று ஒரு கடிதம் வந்தாலும் வரும். அதையும் நம்பாதே. அதை எழுதினது உன் அப்பாவாக இருக்காது. தன் தகப்பன் முகத்தைப் பார்க்காத ஒரு பையன் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறான், அவன் எழுதியிருப்பான். அவனுக்குப் பதில் போடு, அன்பாகப் போடு, ஆனால் கையெழுத்து மட்டும் போடாதே.

உன் அப்பா,
ஐசம் கெதர்ஸ்,
ஜோனா கெதர்ஸின் மகன்.